காலைப் பெரட்டில் இரண்டு டிரைவர்கள்

எங்கள் ஆபீசில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வந்ததாம். நம்முடைய இணையத்தளத்தில், வெளியாட்கள் யாரும் பார்க்க முடியாத ஒரு பக்கம் இருக்கிறது. அதைத் திறந்தால் "இருக்கேன்" என்று ஒரே ஒரு சொல் வரும். வேறு ஒன்றும் வராது. அது எதற்கு, யார் போட்டது, எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே இப்போது பொறுப்பில் இருக்கிற ஃபர்ஹானா, "எடுக்க ஏலாது. ஏன் என்று பாக்கியம்மாவிடம் கேளுங்க" என்று சொல்லிவிட்டாள்.

பிள்ளைகள் போன் எடுத்தார்கள். எனக்குப் போனில் பேச வராது. யாராவது கூப்பிட்டால், காதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவேன். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது தெரியாது. கடைசியில், "அப்போ எழுதித் தாங்க பாக்கியம்மா, ஆண்டு மலரில் போடுவோம்" என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் ஃபர்ஹானா திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

என் வேலைக் கதை பெரிதில்லை. பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தேன். ஒரு மழை நாளில் மலையில் வழுக்கி முழங்கால் கெட்டுப்போனது. பிறகு கூடை தூக்க முடியவில்லை. பண்டாரவளையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் புதிதாக ஆபீஸ் திறக்கிறார்கள், கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போட ஆள் வேண்டும் என்று எங்கள் கோயில் பூசாரி சொன்னார். போனேன். எந்த சுவிட்ச் கேத்தலுக்கு, எந்த சுவிட்சைத் தொடவே கூடாது என்று காட்டினார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

அந்த ஆபீசின் வேலை ஆள் தேடுவது. ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் பாதிக் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது, பாதி இங்கேயே நின்றுவிட்டது. இவர்கள் அவர்களைத் தேடுவார்கள், அவர்கள் இவர்களைத் தேடுவார்கள். தேடுகிறவர்கள் எழுதித் தருவதை அறிவித்தலாக இணையத்தளத்தில் போடுவோம். இந்தியாவில் இருப்பவர்கள் அங்கிருந்தே அடித்து அனுப்பலாம்.

எனக்கும் ஒரு ஆள் இருந்தது, தேடுவதற்கு. என் அக்கா அங்கம்மா. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவள் மாப்பிள்ளை வீட்டாரோடு கப்பல் ஏறினாள். ரயிலுக்குப் புறப்படும்போது எல்லோரும் அழுதார்கள். அக்கா அழவில்லை. அவளுடைய வெள்ளைக் கோழியை என் கையில் கொடுத்து, "ஆள் அனுப்பி எடுத்துக்குவேன். யாரும் அடிச்சுத் திங்கக் கூடாது. பாக்கியம், ஒன் பொறுப்பு" என்றாள். இந்தியாவிலிருந்து பூனாகலைக்கு ஒரு கோழிக்காக யார் வருவார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. அக்காவுக்கு இன்னும் அங்கே வீடுகூடக் கிடைத்திருக்காது, அதற்குள் போய்விட்டது. பிறகு அவளிடமிருந்து சில கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கடைசி வரி கோழி. அதற்கு மட்டும் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு எழுதவே தெரியாது, மற்றதையெல்லாம் நான்தான் எழுதிப் போட்டேன். அப்புறம் அப்பா வேறு தோட்டத்துக்கு மாறினார், கடிதம் வருவதும் நின்றது.

ஆபீசில் சேர்ந்த பிறகு, என் அறிவித்தலையும் போடச் சொல்லலாம் என்று தினமும் நினைப்பேன். ஆனால் சொல்ல வாய் வராது. ஊர் உலகத்துக்கெல்லாம் தேடுகிற இடத்தில் தேத்தண்ணி போடுகிறவளும் தேடுகிறாள் என்று யாராவது சிரிப்பார்களோ என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய கூச்சம் ஒன்று இருந்தது. அக்கா கிடைத்துவிட்டால் முதலில் கோழியைத்தான் கேட்பாள்.

எங்கள் பெரியவர் மருதமுத்து. தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் கிளாக்கர் ஐயா என்போம். அரைக் காற்சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட மேஸ் என்கிற காலுறை, மழையில்லாத நாளிலும் சட்டைக் கொலரில் பின்னால் தொங்குகிற குடை. வீட்டுக்குள்ளும் குடையை எடுக்க மாட்டார். தோட்டத்தை விட்டு வந்தவர், தோட்டத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டார். காலையில் ஆபீஸ் திறந்ததும் முதலில் பெரட்டு.

தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு. எங்கள் ஆபீசில் இருந்தது நாலே பேர். கிளாக்கர் ஐயா, கம்ப்யூட்டர் பார்க்கிற திலகன், பிறகு வந்து சேர்ந்த ஃபர்ஹானா, நான். மாடிப்படி முடிகிற இடத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஐயா ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று சொல்ல வேண்டும். கடைசியில் அவர் பேரையும் அவரே கூப்பிட்டு, ஒரு அடி முன்னால் வந்து, "இருக்கேன்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஹப்புத்தளையிலிருந்து வருகிற திலகன் ஒருநாள் கேட்டான், "ஐயா, நாலு பேரும் கண்ணு முன்னாலதானே நிக்கிறோம்?"

"நிக்கிறது வேற, இருக்கேன்னு சொல்றது வேற, தம்பி."

மறுநாளிலிருந்து திலகனும் சத்தமாகவே சொன்னான்.

என்னை வாசிப்பாளர் ஆக்கியதும் அவர்தான். தோட்டத்து ஜனங்கள் வாசிப்பதற்குத்தான் இந்தத் தளம், ஆகவே பாக்கியத்துக்கு விளங்காத அறிவித்தல் தளத்தில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டார். பெரட்டு முடிந்ததும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புதிதாக வந்த அறிவித்தல்களை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, குரல் மாறக் கூடாது. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஐயா, "விளங்குதா பாக்கியம்?" என்பார். "விளங்குதுங்க" என்றால் ஏறும். "விளங்கலீங்க" என்றால் நிலுவையில் கிடக்கும். இன்னொரு சட்டமும் உண்டு. வாசிப்பாளர் வாசிக்கும்வரை வேறு யாரும் அதைத் திறந்து பார்க்கக் கூடாது. குடும்ப விஷயங்களை ஆபீசில் வைத்துச் சிரிக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

நாலு பேர் முன்னால் வாய் திறந்து வாசிப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுதத் தெரியவில்லை. முதல் மாதம் திரையைப் பார்த்து வாசித்தேனா, மேசையைப் பார்த்து வாசித்தேனா, அதுவே ஞாபகமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் டிரைவர் பிரச்சினை வந்தது. ஃபர்ஹானா எனக்குச் சொல்லித் தந்த மாதிரியே சொல்கிறேன். அறிவித்தல்களை ஏற்ற, திருத்த, இறக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் சி.எம்.எஸ். அறிவித்தல்கள் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிற சாமான் அறை ஒன்று இருக்கிறது. அது டேட்டாபேஸ். சி.எம்.எஸ். தானே அந்த அறைக்குள் போகாது. நடுவில் ஒரு ஆள் போய் எடுத்து வரவேண்டும், கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த ஆள்தான் டிரைவர். எங்களிடம் முதலிலிருந்தே ஒரு பழைய டிரைவர் இருந்தார். இந்தத் தளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனிக்காரர்கள், அந்தப் பழைய டிரைவரை இனிமேல் தங்கள் மெஷினில் விட மாட்டோம், மாத முடிவோடு சரி, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றாவிட்டால் தளம் திறக்காது.

"ஒரே ஒரு வரியை மாத்தினா போதும், சேர்" என்றாள் ஃபர்ஹானா. எங்களுக்கு ஐயா, அவளுக்கு சேர். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "புது டிரைவர் இதைவிட நல்லா செய்வார்."

மறுநாள் காலையில் வரியை மாற்றினாள். கிளாக்கர் ஐயா புது டிரைவரைப் பெரட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

"எப்படி சேர் கொண்டு வர?"

"பேர் கூப்பிடணும், பதில் சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஃபர்ஹானா கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு பக்கம் செய்தாள். அதில் ஒரு சொல்லை அடித்தால், டிரைவர் அதை அறைக்குள் கொண்டுபோய் வைத்து, திரும்ப எடுத்து வந்து காட்ட வேண்டும். அடிக்கிற வேலை எனக்கு வந்தது. "இருக்கேன்" என்ற சொல்லுக்கு எந்தெந்தக் கட்டை என்று ஃபர்ஹானா என் விரலைப் பிடித்துக் காட்டினாள். கம்ப்யூட்டரில் எனக்கு அடிக்கத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

"புது டிரைவர்!" என்று ஐயா கூப்பிட்டார். நான் அடித்தேன். திரையில் வந்தது: இருக்கேன்.

"நல்ல ஆள்" என்றார் ஐயா. "வாசி பாக்கியம்."

பழைய அறிவித்தல் ஒன்றைத் திறந்தார்கள். முந்தின வாரம் நான் வாசித்து, விளங்கி, ஏறிய அறிவித்தல். இப்போது அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலைக்கு மேல் கோடு இழுத்த இங்கிலீஷ் ஏ. அதன் பக்கத்தில், பிஸ்கட் பெட்டியில் பெயருக்கு ஓரமாகப் போட்டிருப்பார்களே, வட்டத்துக்குள் ஆர், அது. பிறகு கணக்கில் எழுதுகிற முக்கால். பிறகு தலைகீழாக நிற்கிற கேள்விக்குறி. திரும்பவும் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர். கீழே வரைக்கும் அப்படியே.

நான் திரையை விட்டுத் திரும்பி ஐயாவைப் பார்த்தேன்.

"ஏன் நிறுத்திட்ட? நடுவுல நிறுத்தக் கூடாது."

"தமிழ் இல்லீங்க ஐயா."

"என்ன இருக்கோ அதை வாசி."

வாசித்தேன். "கோடு போட்ட ஏ, வட்ட ஆர், முக்கால். கோடு போட்ட ஏ, வட்ட ஆர், தலைகீழ்க் கேள்வி..." ஐயா கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். திலகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான், தோள் குலுங்கியது.

"விளங்குதா பாக்கியம்?"

"விளங்கலீங்க."

"பாக்கியம்மா, பக்கத்துல ஒருத்தர் உடுக்கை அடிச்சா சாமியே எறங்கிரும்" என்றான் திலகன்.

ஃபர்ஹானாவுக்கு அழுகை வந்துவிட்டது. காரணத்தையும் அவள்தான் சொன்னாள். பழைய டிரைவர் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பிய்த்து, தன் வழக்கப்படி துண்டு துண்டாக அறையில் வைத்திருக்கிறார். எடுக்கும்போது அவரே ஒட்டிக் கொடுத்துவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. புது டிரைவர் எழுத்தை முழுசாக வைத்து முழுசாக எடுக்கிறவர். அவர் வைத்ததை அவர் எடுத்தால் தமிழ். பழையவர் வைத்ததை அவர் எடுத்தால் துண்டு. அதேபோல் புதியவர் வைத்ததைப் பழையவர் எடுத்தாலும் துண்டுதான்.

"அப்போ பழையவரே இருக்கட்டும்" என்றான் திலகன். பழைய டிரைவரை முதலில் போட்டது அவன். "இத்தனை வருசம் ஒரு குறை வந்திச்சா?"

"மாசம் முடிய அவர விட மாட்டாங்க, திலகன்! தளமே திறக்காது."

"கெஞ்சிக் கேப்போம்."

"கம்ப்யூட்டர் கம்பெனிய கெஞ்சவா?"

கிளாக்கர் ஐயா குடையை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் குடையை எடுத்தால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். "ரெண்டு பேரையும் மலைக்கு அனுப்புவோம். யார் கூடுதலா எடுக்கிறாங்கன்னு நிறுத்துப் பார்ப்போம்."

அப்படித்தான் நிறுத்தார். ஒருநாள் பழையவர், ஒருநாள் புதியவர். விளங்குகிற அறிவித்தல் எத்தனை எடுத்து வருகிறார் என்று கணக்கு. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, இலை ஈரமாக இருக்கிறது என்று கொஞ்சம் கழிப்பார்களே, ஐயா அதையும் கழித்தார்.

"சேர், இதுல எங்க சேர் ஈரம்?" என்றாள் ஃபர்ஹானா.

"வெளியே பாரு, மழை பெய்யுதா இல்லையா?"

குறைத்து எடுத்தவருக்கு அன்றைக்கு அரைப் பேர் போட்டார். தோட்டத்தில் சொன்ன அளவு எடுக்காதவர்களுக்குப் பாதி நாளாகத்தான் கணக்கு வைப்பார்கள். புது டிரைவருக்குத் தொடர்ந்து அரைப் பேர்தான். பழைய டிரைவருக்கோ, மாத முடிவோடு நிறுத்தப்போகிறோம் என்று ஒரு நோட்டீஸ் எழுதிச் சுவரில் ஒட்டினார். முன்கூட்டியே சொல்லாமல் ஒரு தொழிலாளியை நிறுத்தும் பழக்கம் தனக்கு இல்லை என்றார். டிரைவர் சார்பில் திலகன் அதன் பிரதியொன்றை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதோடு, பழையவருக்கு ஆதரவாகத் தான் இனி மாடிப்படியில்தான் உட்காருவேன் என்று மடிக்கணினியோடு படிக்குப் போய்விட்டான். அங்கிருந்தபடியே எல்லா வேலையும் செய்தான். தேத்தண்ணி மட்டும் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

சமாதானத்துக்கு ஐயா ஒரு பேச்சுவார்த்தை வைத்தார். நடுவில் துரை மாதிரி அவர், இந்தப் பக்கம் ஃபர்ஹானா, அந்தப் பக்கம் படியிலிருந்து வரவழைக்கப்பட்ட திலகன். பேச்சு முடியும்வரை யாரும் தேத்தண்ணியைத் தொடக் கூடாது என்பது முறையாம். ஆறஆற மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் முடிவு வந்தது. மாதம் முடியும்வரை காலையில் பழைய டிரைவர், மத்தியானத்துக்குப் பிறகு புது டிரைவர். ஷிப்ட்.

அதன் பிறகு ஆபீசுக்கு வருகிறவர்களுக்கும் நேரம் பிரிந்துவிட்டது. பெரகலையில் கடை வைத்திருக்கிற ஒரு பெரியவர், தம்பியைத் தேடி எப்போதோ கொடுத்த தன் அறிவித்தலைப் பார்க்க ஒரு மத்தியானம் வந்தாராம். அவர் பெயர் இருந்த இடத்தில் வட்ட ஆரும் முக்காலும் நின்றிருக்கின்றன.

"காலையில வாங்க, அப்பா. காலையில சரியா இருப்பீங்க" என்று ஃபர்ஹானா சொல்லியிருக்கிறாள்.

"அப்போ மத்தியானத்துக்கு மேல நான் மனுசன் இல்லியா மகள்?"

அவர் மறுநாள் காலையிலேயே வந்து, தான் மனிதனாக இருப்பதைப் பார்த்துவிட்டு, என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

இந்த ஷிப்டில் மாட்டிக்கொண்டது நிலுவைதான். மத்தியானத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து யாராவது அனுப்பினால், புது டிரைவர் அதை முழுசாகக் கொண்டுபோய் உள்ளே வைப்பார். நான் வாசித்தால்தான் அது ஏறும். நான் வாசிப்பதோ காலையில். என் பஸ் மத்தியானத்தோடு போய்விடும், அதை விட்டால் இருட்டுகிற நேரத்தில்தான் அடுத்தது. காலையில் எடுத்துத் தருகிறவர் பழைய டிரைவர். ஆகவே எல்லாம் துண்டு.

"பாக்கியம்மா வாசிக்காட்டி என்ன, நான் மத்தியானம் பார்த்து ஏத்துறேன், சேர்."

"வாசிப்பாளர் வாசிக்காததை வேற ஆள் பார்க்கக் கூடாது."

"அப்போ வாசிப்ப மத்தியானம் வைங்க."

"பெரட்டு காலையிலதான். பெரட்டுக்குப் பின்னாலதான் வாசிப்பு. சூரியன் மத்தியானம் உதிக்குமா?"

நிலுவையில் கிடப்பதைத் தினமும் வாசிக்க வேண்டும் என்பதும் அவர் சட்டம். ஆகவே ஒவ்வொரு காலையிலும் அதே துண்டுகளை வாசித்தேன். பழகிவிட்டது. எந்த அறிவித்தல் எங்கே முடியும் என்று தெரியும். நிலுவையில் ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட நீளம். அதன் நடுவில் மூச்சு வாங்குவேன். அதற்கு முன்னால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். திலகன் படியிலிருந்து, "நீளமானது வருது, நீளமானது வருது" என்பான். அவனுக்கே முதல் வரி பாடமாகி, படியில் கால் ஆட்டிக்கொண்டு, "வட்ட ஆர், வட்ட ஆர், முக்கால்" என்று முணுமுணுப்பான்.

"விளங்குதா பாக்கியம்?"

"விளங்கலீங்க."

மாதம் முடிய வந்தது. கம்பெனிக்காரர்கள் சொன்னது சொன்னதுதான். புது டிரைவருக்கு ஐயா முழுப் பேர் போடாவிட்டால் தளம் மூடிப்போகும். போட்டால், இத்தனை காலம் சேர்த்த பழைய அறிவித்தல்கள் எல்லாம் துண்டாகிப்போகும் என்று திலகன் சொன்னான். இல்லை, அவற்றைப் பழையவரை வைத்தே வெளியில் எடுத்து, ஒட்டி, புதியவர் கையில் கொடுத்து உள்ளே வைக்கலாம், அதற்கு வழி இருக்கிறது என்று ஃபர்ஹானா சொன்னாள். வழியில் பாதி காணாமல் போனால் யார் பொறுப்பு என்றான் அவன். ஐயா இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிவு சொல்லவில்லை.

எனக்கு விளங்கியது ஒன்றுதான். தளம் மூடினால் அக்காவைத் தேட எனக்கு வேறு இடம் இல்லை. முழங்கால் கெட்டவள் இந்தியாவுக்கா போகப் போகிறேன். இத்தனை வருடம் தேடுகிற இடத்திலேயே கூட்டித் துடைத்துவிட்டுக் கேட்காமலே போய்விடுவேன் என்று பயம் வந்தது.

கோப்பை கழுவும்போது ஃபர்ஹானா பக்கத்தில் நின்றாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் சொன்னேன். சத்தத்தில் கேட்காமல் போனால் போகட்டும் என்று.

"எனக்கும் ஒரு ஆள் தேடணும்மா."

அவள் குழாயை மூடினாள். "யாரை?"

"அக்காவ."

"அல்லாஹ்வே! இவ்வளவு காலமா இங்கேயே இருந்துக்கிட்டா?"

"சத்தம் போடாதம்மா."

"நானே அடிச்சுத் தாறேன். மத்தியானம் புது டிரைவர் நேரம். நிப்பீங்களா? பஸ்?"

"போகட்டும்" என்றேன்.

பஸ் போனது. கீழே ரோட்டில் அது திரும்புகிற சத்தம் கேட்டது, நான் எழும்பவில்லை. ஃபர்ஹானா என் பேர், அப்பா பேர், தோட்டம், எல்லாம் கேட்டு அடித்துக்கொண்டிருந்தாள். கோழியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கிளாக்கர் ஐயா சாப்பிட்டுவிட்டுத் தன் அறையிலிருந்து வந்தவர், என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"பாக்கியம், பஸ் போயிட்டதே."

"ஆமாங்க."

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மெதுவாக மலர்ந்தது. "அப்படீன்னா வாசிப்பாளர் மத்தியான டியூட்டியில இருக்கா!"

"இத்தனை நாளா இதத்தானே சேர் நான் சொல்றேன்!"

"நீ சொன்னே மகள். ஆள் இருந்தாத்தானே பெரட்டு? எல்லாரும் நில்லுங்க."

மத்தியானத்தில் பெரட்டு நடந்தது அந்த ஒருநாள்தான். திலகன் படியிலிருந்தே "இருக்கேங்க" என்றான். ஐயா தன் பேரைக் கூப்பிட்டு, ஒரு அடி முன்னால் வந்து, இருக்கேன் என்றார். புது டிரைவரைக் கூப்பிட்டார். நான் அடித்தேன். இருக்கேன் என்றார் அவரும்.

நிலுவையைத் திறந்தார்கள். முதலாவது அறிவித்தல் தமிழில் இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கிற ஒருவர் தன் சித்தப்பாவைத் தேடுகிறார். வாசித்தேன், விளங்கியது. அடுத்ததும் விளங்கியது. திலகன் மடிக்கணினியை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

"நீளமானது வருது" என்றான். இந்த முறை மெதுவாகச் சொன்னான்.

எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வாசித்தேன்.

"என் பெயர் அங்கம்மா. கூடலூரில் இருக்கிறேன். நான் சொல்லப் பேத்தி அடிக்கிறாள். என் தங்கச்சி பாக்கியத்தைத் தேடுகிறேன். தகப்பன் பெயர் சுப்பன். பூனாகலைப் பக்கம், கீழ் லயம், கடைசிக் காம்பரா. கூச்சப்படுகிற பிள்ளை. யாராவது கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கூப்பிட்டவர்கள் போன பிறகுதான் பதில் சொல்வாள். ஆகையால் இதைப் பார்ப்பவர்கள் அவளைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம்."

நடுவில் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். குரல் மாறக் கூடாது. மூச்சு வாங்கும் இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் மூச்சு வாங்கினேன்.

"நான் வரும்போது ஒரு வெள்ளைக் கோழியை அவள் பொறுப்பில் விட்டு வந்தேன். கடிதம் போட்டுக் கேட்டேன். மற்றதெல்லாம் எழுதினார்கள், கோழியைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அடித்துத் தின்றுவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். தின்றிருந்தால் பரவாயில்லை. ஆனால் சொல்ல வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது. அவள் இருக்கிறாளா, கோழி என்ன ஆனது, இரண்டும் தெரிய வேண்டும்."

முடிந்தது. கீழே துணிக்கடையில் யாரோ துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

"விளங்குதா பாக்கியம்?" என்று ஐயா கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கும் விளங்கியது போலிருக்கிறது. குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை நாளாக இந்த அறிவித்தலுக்கு நான் சொல்லி வந்த பதில் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"விளங்குதுங்க."

திலகன் படியிலிருந்து உள்ளே வந்து நின்றான். "பாக்கியம்மா... நீங்களா அது?"

நான் எழுந்து கதவுப் பக்கம் போகப் பார்த்தேன். ஃபர்ஹானா கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐயா தொண்டையைச் செருமினார். "புது டிரைவருக்கு முழுப் பேர். எழுது மகள்."

"ஈரத்துக்கு எவ்வளவு சேர் கழிக்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. "இன்னைக்குக் கழிக்க வேணாம்" என்றார்.

அறிவித்தலுக்குக் கீழே பதில் எழுதுகிற கட்டம் ஒன்று உண்டு. ஃபர்ஹானா என்னை அதன் முன்னால் உட்கார வைத்து, "சொல்லுங்க, அடிக்கிறேன்" என்றாள். எனக்குச் சொல்ல வரவில்லை. எல்லோரும் சுற்றி நின்று பார்க்கும்போது எப்படிச் சொல்வது. கட்டைகளைப் பார்த்தேன். அடிக்கத் தெரிந்தது ஒரு சொல்தான். அதை அடித்தேன்.

இருக்கேன்.

கோழியைப் பற்றி எழுதவில்லை. "கோ" எந்தக் கட்டையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு எழுதியிருப்பேனா என்றும் தெரியாது.

பழைய அறிவித்தல்களை மாற்றிய வேலையை ஃபர்ஹானாவும் திலகனும் சேர்ந்தே செய்தார்கள். பழைய டிரைவர் எடுத்து நீட்டினார், புதியவர் வாங்கி உள்ளே வைத்தார், நான் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். பெரகலைப் பெரியவர் இப்போது எந்த நேரத்திலும் மனிதர்தான். கடைசி நாளில் பழைய டிரைவருக்குப் பிரியாவிடை வைத்தார் கிளாக்கர் ஐயா. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, குறை சொல்லாமல் உழைத்தவர் என்று பேசினார். பதில் உரை திலகன் ஆற்றினான். இனிப்புக்குப் பால் டொபி கொடுத்தோம். ஐயா இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் காலையில் பேர் கூப்பிடுகிறாராம்.

அந்தப் பக்கத்தை எடுக்காதீர்கள், பிள்ளைகளே. புது டிரைவர் ஒருநாள் பழையவர் ஆவார். அடுத்து வருகிறவரையும் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

நான் பதில் போட்ட மறுநாள் காலையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பெரட்டு முடிந்து வாசிக்க உட்கார்ந்தேன். அன்றிலிருந்து காலையிலும் புது டிரைவர்தான். கூடலூரிலிருந்து பதில் வந்திருந்தது. குரல் மாறாமல், நடுவில் நிறுத்தாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

"நீ இருக்கிறது சரி. கோழி?"